கல்லூரிக்குப் பணம் தந்தோம், கணக்கேட்டைத் திறந்தோமா?

(மாணவர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய வணிகப் பெருமக்களே! அன்பு இளைஞர்களே!

வாணியம்பாடியில் 1919-ல் இஸ்லாமியா கல்லூரி உருவாகக் காரணமானவர்கள் யார்? தோல் வணிகர்கள். 1951-ல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் தோன்றியபோது வாரி வழங்கியவர்கள் யார்? அவர்களும் வணிகர்கள்தாம். ஆனால் கட்டிடம் எழும்பியபின் வணிகர் ஒதுங்கிக்கொண்டார். ஆண்டு விழாவுக்கு வருகிறார், பொன்னாடை வாங்கிக்கொள்கிறார். உள்ளே என்ன கற்றுத் தருகிறார்கள் என்று கேட்பதில்லை!

இதனால் வரும் நஷ்டம் கணினிப் படிப்பில்தான் உடனே தெரிகிறது. பாடத்திட்டம் மாறச் சில ஆண்டுகள் ஆகின்றன. தொழிலோ சில மாதங்களில் மாறிவிடுகிறது. இறுதியாண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி, அட்டை போட்டுச் சமர்ப்பிக்கும் பழக்கம் ஊரறிந்தது. மாணவனைத் திட்டி என்ன பயன்? செய்து பார்க்க ஓர் உண்மையான வேலையை அவனுக்கு யார் கொடுத்தோம்?

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-ல் தொடங்கும்போதே ஒரு பருவம் வகுப்பு, அடுத்த பருவம் சம்பளத்தோடு வேலை என்று ஏற்பாடு செய்தது. நம் நாட்டில் பிலானி பிட்ஸ் 1973-லேயே மாணவர்களைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பி, அதற்கு மதிப்பெண்ணும் தந்தது. அனுபவமுள்ள தொழில் நிபுணர்களை முனைவர் பட்டம் இல்லாமலே பேராசிரியராக அமர்த்தலாம் என்று யுஜிசி 2022-ல் வழிவிட்டது. அதே ஆண்டில் தமிழக அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் தொழில்துறை என்றதும் பெரிய மென்பொருள் நிறுவனங்களை மட்டும்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரியமேட்டுத் தோல் மண்டி தொழில்துறை இல்லையா? மண்ணடி இரும்புக் கடை?

2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு உங்கள் கணக்கெல்லாம் கணினிக்குள் போய்விட்டது. அதே வாடிக்கையாளர் ஓரிடத்தில் ‘அப்துல் காதர்’, இன்னோரிடத்தில் ‘காதர் பாய்’, மூன்றாமிடத்தில் வெறும் ‘ஏ.கே.’! பாக்கி எவ்வளவு என்று கணினியைக் கேட்டால் மூன்று பதில் வருகிறது. பாடப்புத்தகத்தில் வரும் பட்டியல்களில் இந்தக் குழப்பம் இருக்காது. இதைச் சரிசெய்யப் பழகிய மாணவனை எந்த நிறுவனமும் மதிக்கும். உங்கள் மூன்று கிடங்கு இருப்பையும் ஒரே திரையில் காட்டும் வேலையை இரண்டு மாணவர்களிடம் ஒரு பருவம் ஒப்படையுங்கள். கணக்கு வெளியே போய்விடுமே என்ற பயம் நியாயமானதே. பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துக் கொடுங்கள். வெளியூர் போய் வேலை பழக முடியாத நம் சகோதரிகளும் கல்லூரிக் கணினிக் கூடத்தில் இருந்தபடியே இதைச் செய்யலாமே!

செலவா? 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ், 2019-ல் திருத்திய விதிப்படி 4 பேர் வேலை செய்யும் நிறுவனம்கூடப் பழகுநரை அமர்த்தலாம். 30 பேரும் அதற்கு மேலும் இருந்தால் கட்டாயம். பட்டதாரிப் பழகுநருக்கான குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. நம் வணிகர்களில் எத்தனை பேர் இதைப் பயன்படுத்துகிறோம்?

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதன்மையான கல்லூரிகளில் இளநிலை மாணவர் 25 பேரில் ஒருவர்தான் முஸ்லிம் என்று சச்சார் குழு 2006-ல் சொன்னது. அப்படிக் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, கொடுத்ததை மட்டும் படித்துவிட்டு வராதீர்கள். கடையில் வேலை செய்யும்போது எந்தப் பாடம் உதவியது, எது உதவவில்லை என்று எழுதித் துறைத் தலைவரிடம் கொடுங்கள். அடக்கமாகக் கொடுங்கள், ஆனால் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதி ஒருவருக்கும் முன்னாள் மாணவர் ஒருவருக்கும் இடம் உண்டு. உங்கள் ஊர்க் கல்லூரியில் அந்த இருவர் யார் என்று இந்த மாதமே முதல்வரிடம் கேளுங்கள். அடுத்த குழு அமையும் முன் உள்ளூர் வணிகர் ஒருவரின் பெயரை ஜமாஅத் மூலம் எழுதிக் கொடுங்கள்.