பாலாற்றங்கரையில் சைக்கிள்



கோலார் தங்கவயலில் சைக்கிள் என்றதும் வேலைக்குப் போகிற வண்டிதான் நம் ஞாபகத்துக்கு வரும். சுரங்கத்துச் சங்குக்கும் பெமல் ஆலையின் ஷிஃப்டுக்கும் மிதித்துப் போன வண்டி அது. இன்று நான் பேச வந்தது வேறு. எந்த அவசரமும் வைத்துக்கொள்ளாமல், கேரியரில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு, ஒரு ஆற்றின் கூடவே இரண்டு மூன்று நாள் போகிற பயணம். இதைப் பொழுதுபோக்கு என்பார்கள், உடற்பயிற்சி என்பார்கள். நான் இதை ஒரு கலையாகவே மதிக்கிறேன். அந்தக் கலையை உரசிப் பார்க்க நமக்குப் பக்கத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. பேத்தமங்கலத்திலிருந்து ஆம்பூர் வரைக்கும் உள்ள பாலாற்றுப் பள்ளத்தாக்கைச் சொல்கிறேன்.

ஐரோப்பாவில் இந்தப் பயணத்துக்குத் தனிப் பாதையே போட்டு வைத்திருக்கிறார்கள். பிரான்சின் வடகிழக்கு மூலையில் மியூஸ் ஆற்றங்கரையில், ஷார்ல்வில் என்ற ஊரிலிருந்து பெல்ஜிய எல்லையோரத்து ஜிவே வரைக்கும், எண்பது கிலோமீட்டருக்கு மேல் அப்படி ஒரு பாதை போகிறது. அந்தக் காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து படகை இழுத்த தடம் அது. இப்போது மோட்டார் வண்டிக்கு அங்கே அனுமதி இல்லை. அதே மியூஸ் ஆற்றைத்தான் 1940 மே 13ஆம் தேதி செதான் என்ற ஊரில் ஜெர்மன் படை கடந்தது. அடுத்த ஆறு வாரத்துக்குள் பிரான்ஸ் பணிந்தது. இன்று அந்தக் கரையில் பேரப்பிள்ளைகளோடு தாத்தாக்கள் சைக்கிள் விடுகிறார்கள்.

நம் பாலாற்றுக்கு அப்படி ஒரு பாதை கிடையாது. ஆனால் போர் விஷயத்தில் பாலாறு மியூஸுக்கு இளைத்ததில்லை.

பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33, தமிழ்நாட்டில் 222 என்று ஓடிக் கடலில் சேர்கிறது. ஓடுகிறது என்று வழக்கத்துக்குச் சொல்கிறேன். 2021 நவம்பர் மாதிரி என்றைக்காவது ஒரு மழையில் இரு கரையும் புரண்டு வரும், மற்றபடி மணல்தான். தங்கவயலுக்குக் குடிதண்ணீர் கொடுத்த பேத்தமங்கலம் ஏரி இந்த ஆற்றின் மேல்தான் இருக்கிறது. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஒரு மணி நேர மிதி. அந்த ஏரிக்கரைதான் நம் பயணத்தின் தொடக்கம்.

வண்டி நெரிசல் இல்லாத வழி வேண்டுமென்றால் தேடிப் பிடிக்க வேண்டும். பெங்களூரு–சென்னை விரைவுச் சாலை இப்போது பேத்தமங்கலம் வரை வந்துவிட்டது. அதில் சைக்கிளுக்கு இடமில்லை, எனக்கு அதில் வருத்தமும் இல்லை. அவசரக்காரர்கள் அதில் போகட்டும். நமக்கு ஏரிக்கரைகள், ராகி வயல்களுக்கு நடுவே போகிற வண்டிப்பாதைகள், ஒரு ஊரை அடுத்த ஊரோடு மட்டும் சேர்க்கிற ஒற்றைத் தார்ச்சாலைகள் போதும். கீழே புல்லூர் கனகநாச்சியம்மன் கோயில் பக்கம் தமிழ்நாட்டுக்குள் வந்தால் ஆவாரங்குப்பம், திம்மாம்பேட்டை, அம்பலூர் என்று ஆற்றோரத்து ஊர்கள் வாணியம்பாடி வரைக்கும் வரிசையாக வரும். ஆந்திர எல்லையோரத்துக் காட்டில் யானை நடமாட்டம் உண்டு. அங்கே மட்டும் காலை விடிந்த பிறகு போங்கள், பொழுது சாய்வதற்குள் ஊர் சேருங்கள்.

இனி கலைக்கு வருகிறேன். இதன் உயிர் சரிவில் இருக்கிறது. தங்கவயல் கடல் மட்டத்துக்கு எண்ணூறு மீட்டருக்கு மேலே இருக்கிறது, ஆம்பூர் முந்நூற்றுச் சொச்சம்தான். இந்த ஐந்நூறு மீட்டர் வித்தியாசம் காரில் போகிறவருக்குத் தெரியவே தெரியாது. ரயிலில் காது லேசாக அடைக்கும், அவ்வளவுதான். சைக்கிள்காரருக்கு ஒவ்வொரு மீட்டருக்கும் தொடை கணக்குச் சொல்லும். இந்தப் பள்ளத்தாக்கில் ஏன் இத்தனை சண்டை நடந்தது என்ற கேள்விக்கும் அந்தக் கணக்கிலேதான் பதில் இருக்கிறது. மைசூர் மேட்டு நிலத்துக்கும் ஆர்க்காட்டுச் சமவெளிக்கும் நடுவே பீரங்கியை மாடு கட்டி இழுத்துப்போகிற அளவுக்கு வசதியான வழிகள் சிலதான். மேலே இருப்பவன் கீழே பாய வேண்டுமானாலும், கீழே இருப்பவன் மேலே ஏற வேண்டுமானாலும் அந்த வழிகளில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும்.

ஆம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1749 ஆகஸ்டில் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான் அங்கே வழியை மறித்து நின்றார். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஏரி, நடுவில் அவருடைய அரண். அவருடைய எதிரிகளான சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து அதை உடைத்தார்கள். யானை மேல் இருந்த கிழட்டு நவாப் அங்கேயே செத்தார். மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். கர்நாடகப் போர்களின் இரண்டாம் கட்டம் இங்கே தொடங்கியது. பதினெட்டு வருஷம் கழித்து, 1767 நவம்பரில், மைசூரின் ஹைதர் அலி அதே ஆம்பூரின் மலைக்கோட்டையை முற்றுகையிட்டார். கேப்டன் கால்வர்ட் என்ற ஆங்கில அதிகாரி, உதவிப் படை வரும்வரை ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவான காலம் தாக்குப்பிடித்தார். உள்ளே இருந்து சண்டை போட்ட மதராஸ் சிப்பாய்ப் படைப்பிரிவின் கொடியில் பிறகு அந்தப் பாறையே சின்னமாக ஏறியது. ஆற்றுப் பக்கம் இருந்து மிதித்து வந்து, அண்ணாந்து அந்த மலையைப் பார்த்தால், ஏன் எல்லோரும் அதற்கு அடித்துக்கொண்டார்கள் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ஹைதர் நமக்கு அயலாரும் இல்லை. அவர் பிறந்த பூதிக்கோட்டை பங்காருப்பேட்டைக்குத் தெற்கே இருக்கிறது. 1782 டிசம்பரில் சித்தூர்ப் பக்கம் பாசறையில் அவர் இறந்தபோது, படை கலைந்துவிடுமோ என்று சாவையே மறைத்தார்கள். உடலைப் பெட்டியில் வைத்து, கருவூலம் போகிறது என்ற பாவனையில் காவல் போட்டு, கோலாருக்கு ஏற்றி அனுப்பினார்கள். முதலில் அங்கே தகப்பனார் சமாதியில்தான் வைத்தார்கள், ஸ்ரீரங்கப்பட்டணம் போனது அதற்குப் பிறகு.

1791இல் ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ் பிரபு செய்த வேலையைக் கேளுங்கள். வேலூரிலிருந்து கிளம்பி, ஆம்பூர் வழியாகத்தான் மேலே ஏறப்போகிறேன் என்று போக்குக் காட்டினார். ஹைதரின் மகன் திப்பு அதை நம்பினார். சட்டென்று படையை வடக்கே திருப்பி, சித்தூர் தாண்டி மொகிலி கணவாயில் ஏறி, கோலாரைப் பிடித்து, மார்ச்சில் பெங்களூரு கோட்டைக்குள் புகுந்துவிட்டார். மலை எப்படி மறைக்கிறது, எங்கே திறக்கிறது என்று இந்தப் பக்கத்தில் மிதித்தவருக்கு இந்தத் தந்திரம் வரைபடம் இல்லாமலே விளங்கும். சாலையில் நீங்கள் மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில் மாடும் நின்றிருக்கும். படை நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நகர்ந்தது. நாம் அதைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான்.

வடக்கே முல்பாகலுக்கும் ஒரு கிளை போய் வரலாம். 1768 அக்டோபரில் அங்கே பாறைகளுக்கு நடுவே கர்னல் வுட் என்பவரின் படையை ஹைதர் நெருக்கிவிட்டார். படையின் சாமான்களுக்குக் காவலாக இருந்த புரூக் என்ற கேப்டன், காயம்பட்டவர்களில் நடக்க முடிந்தவர்களைச் சேர்த்து இரண்டு பீரங்கிகளை மறைவு வழியாகப் பாறை உச்சிக்கு இழுத்துப்போய்ச் சுட்டார். கூடவே எல்லோரும் ‘ஸ்மித், ஸ்மித்’ என்று கத்தினார்கள். பெரிய தளபதி ஸ்மித் வந்துவிட்டார் என்று இரு தரப்பும் நம்பிவிட்டது. அந்தக் கத்தலில் வுட் பிழைத்தார்.

தங்கவயலும் இந்தப் போர்களின் பிள்ளைதான். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு மைசூரின் எல்லையை அளக்க வந்த படை அதிகாரி ஜான் வாரன், இந்தப் பக்கத்து மண்ணில் பொன் இருக்கிறது என்று 1802இல் கேள்விப்பட்டார். கொண்டுவந்து காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்றார், உரிகம் ஊரார் மண்ணை அலசிக் காட்டினார்கள். வாரனின் குறிப்பைப் படித்துவிட்டு மாட்டு வண்டியில் வந்த லாவெல் என்பவர், நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு வந்த பழைய சிப்பாய். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியது. நடுவில் இதே பாலாற்றுச் சமவெளியிலிருந்து, வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும், நம் பாட்டன்மார் மேலே ஏறி வந்தார்கள். படைகள் ஏறிய பக்கத்திலிருந்துதான் கூலிக்காரர்களும் ஏறினார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வாணியம்பாடிக்குக் கீழே ஆற்றோரம் இனிமையாக இருக்காது. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு இந்த ஆற்றுக்கு என்ன செய்தது என்பதை உச்ச நீதிமன்றமே 1996இல் தீர்ப்பாக எழுதியிருக்கிறது. ஆம்பூர் நெருங்க நெருங்க நெடுஞ்சாலையின் இரைச்சலும் வந்து சேரும். அந்தக் கடைசித் துண்டுக்கு ஆம்பூர் பிரியாணிதான் சமாதானம். போர் நடந்த இடங்களைத் தேடிப் போகிறவர் படித்துவிட்டுத்தான் போக வேண்டும், வழி உங்களுக்குத் தானாக எதுவும் சொல்லாது.

போகிற திசை பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. தங்கவயலிலிருந்து இறங்குவது சுகம், முதல்முறை போகிறவர்கள் அப்படியே போகலாம். திரும்ப வாணியம்பாடியிலோ ஜோலார்பேட்டையிலோ ரயிலேறிப் பங்காருப்பேட்டை வந்துவிடலாம், சைக்கிளை லக்கேஜில் போட விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுப் பயனும் ஆம்பூரிலிருந்து மேலே ஏறுவதில்தான். மூன்று கியர் இருந்தால் போதும், முன்னால் சின்னப் பல் சக்கரம் ஒன்று இருக்க வேண்டும். டயர் அகலமாக, சுமை குறைவாக. முடியாத மேட்டில் இறங்கித் தள்ளுங்கள், அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

மாதம் பிப்ரவரி. காரன்வாலிஸ் 1791இலும், திப்புவை வீழ்த்தப் போன ஆங்கிலத் தளபதி ஹாரிஸ் 1799இலும் கிளம்பியது பிப்ரவரியில்தான். ஏரியில் தண்ணீர் மிச்சம் இருக்கும், தரை காய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. இதைக் கேட்கிற பஞ்சாயத்துக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பேத்தமங்கலம் ஏரிக்கரையில் முள்ளை வெட்டி, கார் ஏறாமல் இரண்டு முனையிலும் ஒரு கல் நட்டுவிடுங்கள். பெரிய செலவு இல்லை. சைக்கிள்காரர்கள் தாமாக வருவார்கள்.