பழைய நாற்காலியிடம் எதைக் கேட்பது?

வசதி படைத்த வீட்டுக் கூடங்களில் இப்போது சோபா வரிசையிலிருந்து விலகி ஒற்றை நாற்காலி ஒன்று நிற்கிறது. உட்கார ஆள் தேடுவதைவிடப் பார்க்க ஆள் தேடும் நாற்காலி அது. பிரம்புப் பின்னல், கடைந்த கால், சுருண்ட கைப்பிடி என்று பழங்காலச் சாயலைப் பூசிக்கொண்டிருக்கும். மரக்காணத்து உப்பளங்களிலிருந்து ஆரோவில் வழியாகப் புதுச்சேரி வரும் சாலையோரக் கடைகளிலும் இதைக் காணலாம். இப்படிப்பட்ட நாற்காலி வடிவமைப்பின் தரத்தை அறிய ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன். பழைய பாணியின் சாயலை மட்டும் எடுத்திருக்கிறார்களா, அந்தச் சாயல் உண்டானதற்கான காரணத்தையும் சேர்த்து எடுத்திருக்கிறார்களா?

காரணம் இந்தக் கடற்கரையிலேயே இருக்கிறது. இங்கே காற்றில் உப்பு கலந்திருக்கிறது. இரும்பு ஆணி துருவேறி மரத்தைக் கறையாக்கும். ஈரம் உறிஞ்சிய ஒட்டுப்பலகை உப்பிப் பிரியும். அதனால்தான் ஒரு சட்டத்தில் துளையிட்டு, மற்றதன் முனையைச் செதுக்கி உள்ளே இறுக்கி, மர ஆணி அடிக்கும் முறை இங்கே பொருந்துகிறது. வியர்க்கும் முதுகுக்குக் காற்று விடுவது பிரம்புப் பின்னல். அறுந்தால் சட்டத்தைத் தொடாமல் மறுபடி பின்னலாம். புதுச்சேரியின் கோல்கொண்டா விடுதிக் கட்டடத்தைக் கவனியுங்கள். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. 1930களின் பிற்பகுதியில் அதன் கட்டுமானத்தைக் களத்தில் கவனித்தவர் ஜார்ஜ் நகாஷிமா. காற்று உள்ளே வந்துபோகத் தேக்குச் சட்டங்களால் ஆன நகரும் கதவுகள் வைத்தார்கள். பித்தளைப் பாத்திரங்களை உருக்கிப் பிடிகள் வார்த்தார்கள். அழகு என்று இன்று நாம் வியப்பதில் பாதி, வெயிலுக்கும் உப்புக்கும் சொன்ன பதில்தான்.

ஸ்ரீ அரவிந்தர் சுந்தரானந்தா என்று பெயர் சூட்டிய அதே நகாஷிமா, பின்னாளில் அமெரிக்காவில் புகழ்பெற்ற தச்சரானார். அவருடைய கோனாய்டு நாற்காலி, பழைய பாணியிலிருந்து பிறந்த ஆடம்பர நாற்காலிக்கு நல்ல சான்று. அதன் மூலவடிவம் விண்ட்ஸர் நாற்காலி: கனத்த ஒற்றைப் பலகை இருக்கை, அதில் நேராகச் செருகிய முதுகுக் கம்புகள். நகாஷிமா பலகையையும் கம்புகளையும் வைத்துக்கொண்டு கால்களை இரண்டாகக் குறைத்தார். இருக்கை முன்னால் அந்தரத்தில் நீண்டு நிற்கிறது. கவிழாதா என்று சந்தேகிப்பது நியாயமே. ஆனால் தரையோடு படிந்து முன்னோக்கி நீளும் அடிக்கட்டைகள் பாரத்தைத் தாங்குகின்றன. கண்ணை இழுப்பதும் உடம்பைச் சுமப்பதும் அங்கே ஒரே மூட்டில் நடக்கின்றன.

அப்படியே நகல் எடுப்பதும் மரியாதைதானே என்று ஒருவர் கேட்கலாம். சண்டிகரைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் பியர் ஜன்னரேயின் குழு 1950களில் அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் செய்த நாற்காலிகள், உடைசல் என்று ஏலம் போய், வெளிநாட்டு ஏலக்கூடங்களில் பெருவிலைக்கு விற்றன. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றின் விற்பனைக்குத் தடை போடும் அளவுக்கு நிலைமை போயிற்று. பிறகு நகல்கள் குவிந்தன. உள்ளூர்த் தச்சர் செய்யவும், குமாஸ்தா நாள் முழுக்க உட்காரவும், கெட்டால் பழுதுபார்க்கவும் பிறந்த வடிவம் அது. பின்னலை இயந்திரத்தில் விரித்து ஒட்டி, பழுதுபார்க்க முடியாதபடி செய்த நகலில் கோணலான கால் மட்டும் மிஞ்சுகிறது. விலை என்னவோ குறையவில்லை.

எளிமையைப் போற்றும் ஆரோவில் பக்கம் ஆடம்பர நாற்காலி எதற்கு என்பது கனமான ஆட்சேபம். பகட்டுக்கு என்றால் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் விலையில் பெரும்பங்கு தச்சரின் நாட்களுக்கும் பின்னுபவரின் விரல்களுக்கும் போகுமானால் அது வேறு கணக்கு. மரத்துக்காக எங்கும் போகவும் வேண்டாம். 2011 டிசம்பர் 30இல் கரையேறிய தானே புயல், ஆரோவிலின் செம்மண் மேட்டில் வளர்த்த காட்டில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. இப்படிப் புயலில் விழும் அகேசியா மரத்தில் முறுக்கும் வெடிப்பும் இருக்கும், கடைக்காரர் ஒதுக்குவார். நகாஷிமா வெடிப்பை மறைக்காமல், அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டைப் பதித்து நிறுத்துவார். உலக அமைதிக்காக அவர் தொடங்கிய மேசைகளில் ஒன்று, அவர் காலத்துக்குப் பின் 1996இல் ஆரோவில் வந்து சேர்ந்தது. வடிவமைப்பாளர் முதலில் மரத்தின் வெடிப்பும் மூட்டும் இருக்கும் இடங்களைப் பார்க்கட்டும். கைப்பிடியின் சுருளைப் பிறகு வரையலாம்.