ஏழு பேர் ஏறும் வண்டி

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வேதாந்தமன்று, சரித்திரமுமன்று. ஒரு குடும்பத்தார் ஏழு பேர் அமரத்தக்க புதிய மோட்டார் வண்டி, அதாவது எஸ்.யூ.வி. என்று வழங்கும் பெருவண்டி, வாங்கலாமா வேண்டாமா என்பதே. இது சங்கத்தில் பேசத்தக்கதொரு பொருளா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் வீட்டையும் கலியாணத்தையும் அடுத்து நம்மவர் ஒரே தடவையில் செய்யும் பெருஞ்செலவு இன்று இதுவேயாகும். வீடு கட்டுமுன் பத்துப் பேரைக் கேட்கிறோம்; பெண் கொடுக்குமுன் நூறு பேரை விசாரிக்கிறோம். வண்டியையோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், விற்பனைசாலையின் குளிர்ந்த அறையில், காப்பி அருந்தியபடியே நிச்சயித்துவிடுகிறோம். ஆதலின் இதனைப் பேசுதல் தகுமென்று துணிந்தோம்.

நாம் யந்திர சாஸ்திரம் பயின்றவரல்லோம். மதுரையில் பலசரக்குக் கடை நடத்துகிறவர். சரக்கின் விலை, வட்டி, தேய்மானம் என்னும் மூன்றையும் ஒருவாறு அறிவோம். அவ்வறிவைக்கொண்டே எம் இல்லத்தில் ஏழு மாதமாக நடந்த ஆலோசனையைத் தங்கள்முன் வைக்கிறோம்.

நம் பாட்டனார் காலத்தில் குலதெய்வம் கும்பிடப் போவதற்குக் கூண்டு வண்டி கட்டினர். பெரியோர் வண்டியினுள் வைக்கோல்மீது ஜமுக்காளம் விரித்து அமர, இளையோர் பின்னே நடந்தனர். பின்னர் அம்பாஸடர் வந்தது. அதில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அக்காலத்தில் கணக்கே இருந்ததில்லை. 1994ஆம் ஆண்டில் டாடா சுமோவும், 2000இல் டொயோட்டா குவாலிஸும், 2005இல் இன்னோவாவும் வந்தபின்னரே குடும்பம் முழுவதும் ஒரே வண்டியில் சௌகரியமாய்ப் போகலாமென்னும் எண்ணம் நம்மவரிடை வேரூன்றிற்று. 2012இல் மாருதி எர்டிகாவும், 2021இல் மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 700-உம் போன்றவை வந்து அவ்வாசையை இன்னும் பல வீடுகளுக்குப் பரப்பின. ஆசை குற்றமன்று. அளவறியாத ஆசையே குற்றம்.

எம் இல்லத்தில் எம் பெற்றோர் இருவர், நாம் இருவர், மக்கள் மூவர். ஆக ஏழு பேர். எம்மிடமுள்ளது ஐந்து பேர் அமரும் பழைய வண்டி. சென்ற ஆண்டுக் கொடையின்போது கோவிற்பட்டிப் பக்கமுள்ள எம் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டபொழுது, எம் தாயார், "முழங்கால் வலிக்கிறது, ஐயா, நீங்கள் போய்வாருங்கள், நானும் அப்பாவும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். நாமும் அதை நம்பிச் சென்றோம். திரும்பி வந்தபின் எம் கடைசி மகள் சொன்னாள்: "ஆச்சிக்குக் கால் வலியில்லை, வண்டியில் இடமில்லை என்றுதான் அப்படிச் சொன்னார்கள்" என்று. அன்றிரவு எமக்கு உணவு செல்லவில்லை. மறுநாளே புதிய வண்டி வாங்குவதென்று மனத்திற்குள் முடிவுசெய்தோம்.

ஆனால் மனம் புண்பட்ட நாளில் செய்த முடிவு வியாபாரத்தில் நஷ்டத்தையே தருமென்று எம் தந்தையார் எமக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஆதலின் கணக்குப் பார்க்கத் தொடங்கினோம்.

முதலாவது, தேவையின் கணக்கு. முந்திய ஓராண்டின் நாட்குறிப்பைப் புரட்டினோம். ஏழு பேரும் சேர்ந்து போகவேண்டியிருந்த நாட்கள் கோயிலுக்கு 4, கலியாணம் சடங்கு முதலியவற்றிற்கு 10, பிள்ளைகளின் விடுமுறைக்கு 5, ஆக 19. அவற்றுள் 12 நாள் பெற்றோர் வீட்டிலேயே தங்கினர் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகிறோம். எஞ்சிய 346 நாளில் வண்டியில் சென்றவர் ஒருவர் அல்லது இருவர். சென்ற தூரமோ வீட்டிற்கும் கடைக்குமுள்ள நான்கு கிலோமீட்டர்.

இரண்டாவது, விலையின் கணக்கு. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி முதல் நான்கு மீட்டருக்கு மேற்பட்ட நீளமுடைய இத்தகைய பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 40 ஆயிற்று. அதற்குமுன் 28 சதவிகித வரியும், அதன்மேல் 22 வரை செஸ்ஸும் இருந்தன. விலை இறங்கியது மெய்யே. ஆனால் விலை இறங்கியதென்பது வாங்குவதற்குக் காரணமாகாது. தேவையில்லாத மிளகாயை மலிவென்று மூட்டை மூட்டையாக அடுக்கிய கடைக்காரன் கதி யாதென்பதை நம்மவர் அறிவர்.

விற்பனைசாலையார் கூறும் விலை வேறு, வண்டி ரஸ்தாவில் இறங்கும் விலை வேறு. 18 லட்சம் ரூபாய் விலையுள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். நம் ராஜ்யத்தில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி, 10 லட்சத்திற்கு மேல் 20 லட்சம் வரையுள்ள வண்டிக்கு ஆயுள்கால வரி நூற்றுக்கு 18. ஆகவே வரி மட்டும் ரூ.3,24,000. 2018 செப்டம்பர் முதல், புதிய காருக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை மூன்றாண்டுக்குச் சேர்த்தே கட்டவேண்டும். பதிவுச் செலவும் சேரத் தொகை 22 லட்சத்தை நெருங்குகிறது. 10 லட்சத்திற்கு மேற்பட்ட வண்டிக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி இதற்குப் புறம்பு. அதனை வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம்.

இங்கே ஒரு நுட்பம் உளது. விலை 20 லட்சத்தைத் தாண்டினால் ஆயுள்கால வரி நூற்றுக்கு 20 ஆகிறது. 19,90,000 ரூபாய் வண்டிக்கு வரி ரூ.3,58,200. மேற்கூரைக் கண்ணாடிக்கும் அலங்காரச் சக்கரத்திற்கும் ஆசைப்பட்டு 20,50,000 ரூபாய் வண்டியை எடுத்தால் வரி ரூ.4,10,000. அறுபதாயிரம் ரூபாய் அலங்காரத்திற்கு ஐம்பத்தோராயிரத்து எண்ணூறு ரூபாய் அதிக வரி! இதனை விற்பனையாளர் தாமே எடுத்துச் சொல்வாரென எதிர்பார்த்தல் கூடாது.

மூன்றாவது, கடனின் கணக்கு. எம் கைவசம் 7 லட்சம் இருந்தது. மீதி 15 லட்சத்தை ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 9 வட்டியில் ஏழாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ரூ.24,134. ஏழாண்டில் கட்டும் மொத்தம் ரூ.20,27,256, வட்டி மட்டும் ரூ.5,27,256. ஐந்தாண்டில் தீர்த்தால் தவணை ரூ.31,138, வட்டி ரூ.3,68,280. தவணை சிறிதென்று நீண்ட கெடுவை விரும்புவோர் வட்டி பெரிதாவதை நோக்குவதில்லை.

அந்த 7 லட்சம் எத்தகைய பணம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். எம் மூத்த மகள் பிறந்தது முதல் அவள் படிப்பிற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த வைப்பு அது. அவள் அடுத்த ஆண்டு கலாசாலை புகவேண்டியவள்.

நான்காவது, தேய்மானம். இன்ஷூரன்ஸ் கம்பெனியார் வண்டியின் மதிப்பைக் குறைக்கும் அட்டவணையே இதற்குச் சாட்சி. ஆறு மாதம் வரை நூற்றுக்கு 5, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 எனக் கழிக்கின்றனர். சந்தை விலை இதற்குச் சற்று ஏறியோ இறங்கியோ இருக்கலாம். ஆயினும் 18 லட்சம் ஐந்தாண்டில் 9 லட்சமாகுமெனின், ஆண்டுக்கு ரூ.1,80,000 தேய்கிறது. ஏழாண்டு வட்டியின் சராசரி ஆண்டுக்கு ஏறக்குறைய ரூ.75,000. ஆக எண்ணெய்ச் செலவும் பழுதுச் செலவும் சேராமலே ரூ.2,55,000. இது எந்தப் பத்தொன்பது நாளுக்காக என்பதை நினைத்துப் பாருங்கள். அந்நாட்களுக்கு மட்டும் ஓட்டுநருடன் பெருவண்டியொன்றை வாடகைக்கு அமர்த்தினால், நாளொன்றுக்கு ரூ.5,000 எனக் கொண்டாலும், ஆண்டிற்கு ரூ.95,000 தான் ஆகிறது.

இக்கணக்கைக் காட்டியபொழுது எம் மனைவியார் ஒரு கேள்வி கேட்டார்கள்: "கோயிலுக்கு வாடகை வண்டி வரும். நடுநிசியில் அத்தைக்கு மூச்சு முட்டினால் வருமா?" நியாயமான கேள்வியே. ஆயின் அந்நேரத்தில் ஆஸ்பத்திரிக்குச் செல்வோர் மூவர் அல்லது நால்வர். அதற்குப் பழைய வண்டியே போதும். அதைச் செவ்வையாய் வைத்திருத்தலே கடமை என்று இருவரும் உடன்பட்டோம்.

ஐந்தாவது, வண்டியின் குணாகுணங்கள். கணக்கோடு நில்லாமல் எம் பெற்றோரையும் உடனழைத்துக்கொண்டு ஒரு விற்பனைசாலைக்குச் சென்றோம். வண்டி வாங்க நினைப்போர் யாவரும் இதனைச் செய்யவேண்டும். மூன்றாம் வரிசைக்குத் தனிக் கதவு கிடையாது. நடு வரிசையை மடித்துக் குனிந்து நுழையவேண்டும். எம் தாயாரால் அது இயலவில்லை. அங்கே தரையும் இருக்கையும் நெருங்கியிருப்பதால் முழங்கால் மார்பை நோக்கி எழும்புகிறது. நெடும் பிரயாணத்தில் வளர்ந்தவருக்கு அது துன்பம். எஸ்.யூ.வி. தரையினின்று உயர்ந்து நிற்பதால் கிராமத்து மண் ரஸ்தாவிற்கு ஏற்றது. ஆனால் அவ்வுயரமே முதியோர் ஏறுவதற்குத் தடை. எம்.பி.வி. என்னும் தாழ்ந்த வகை அவர்களுக்கு எளிது. நடுவில் இரண்டு தனி நாற்காலி வைத்த வண்டிகள் பலவற்றில் ஆறு பேரே அமரலாம் என்பதையும் மறத்தலாகாது. ஏழு பேரும் அமர்ந்தபின் மூட்டை முடிச்சுக்கு மிஞ்சும் இடம் மிகச் சொற்பம். பெட்டிகளை எடுத்துச் சென்று வைத்தே பார்த்துவிடுதல் நலம்.

டீசல் வண்டி எமக்கு ஒவ்வாது என்பதும் விசாரித்தபின் விளங்கிற்று. 2020 ஏப்ரல் முதல் வழக்கிலுள்ள பி.எஸ். 6 விதிக்கேற்பச் செய்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உளது. நெடுஞ்சாலையில் ஓடி நன்கு சூடேறினால்தான் அக்கரி எரிந்து சுத்தமாகும். தினம் நான்கு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும்.

உயிரின் கணக்கையும் சொல்லவேண்டும். ஏழு இருக்கைக்கு ஏழு பட்டைகள், எட்டாமவருக்குப் பட்டையில்லை. பின்னிருக்கையில் அமர்வோரும் பட்டை பூட்டவேண்டும் என்பதே விதி. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பட்டை அணியாதாருக்கும், 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பாதுகாப்பின்றி ஏற்றிச் செல்வோருக்கும் அபராதம் ரூ.1,000. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் மோதல் பரீக்ஷை நம் நாட்டில் நடக்கிறது. விளம்பரத்தைக் காட்டிலும் அதன் நட்சத்திரக் கணக்கை நம்புதல் நன்று.

இனி, சபையோர் மன்னிக்கவேண்டிய ஒரு வார்த்தை. இவ்வண்டிகளிற் சில தேவைக்காக வாங்கப்படுவதில்லை. கலியாண மண்டபத்து வாசலில் நிறுத்துவதற்காகவே வாங்கப்படுகின்றன. வேறு சில, பெண்ணைப் பெற்றவர் தலையில் சீரென்னும் பெயரால் சுமத்தப்படுகின்றன. வரதக்ஷிணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. வாய்திறந்து கேளாமல், "எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் பெரிய வண்டி நிற்கிறது" என்று பெருமூச்சு விடுவதும் கேட்பதேயாகும். தவணை கட்டும் தகப்பனின் கண்ணீரில் ஓடும் வண்டியில் எந்தத் தம்பதிகள் சுகமாய்ப் பிரயாணம் செய்யமுடியும்? நம் சமூகத்தில் இவ்வழக்கம் வேர்பிடிக்குமுன் களைதல் வேண்டும்.

நாம் வாங்குவதே கூடாதென்று சொல்ல வரவில்லை. வாரந்தோறும் முதியோரும் குழந்தைகளும் ஒருங்கே பிரயாணம் செய்யும் கூட்டுக் குடும்பத்தார், கையிருப்பில் பாதிக்குமேல் உடையவர், ஐந்தாண்டுக்குள் கடனைத் தீர்க்க வல்லவர் ஆகியோர் தாராளமாய் வாங்கலாம். மற்றையோர் ஓராண்டு நாட்குறிப்பு எழுதிய பின் முடிவு செய்க.

எம் இல்லத்து முடிவு யாதெனில், மகளின் வைப்பைத் தொடுவதில்லை. புதிய வண்டியை இவ்வாண்டு வாங்குவதில்லை. ஏழு பேர் போகவேண்டிய இடத்திற்கு வாடகை வண்டியிலாயினும் ஏழு பேராகவே போவது. இடமில்லையென்று பெற்றோரை விட்டுச்செல்வதில்லை. அடுத்த ஆண்டு நாட்குறிப்பில் 19 என்பது 40 ஆகுமாயின் மறுபடியும் யோசிப்போம்.

சென்ற மாதம் அவ்வாறே வாடகை வண்டி அமர்த்திக் குலதெய்வக் கோயிலுக்குப் போய்வந்தோம். எம் தாயார் நடு வரிசையில் ஜன்னலோரம் அமர்ந்தார்கள். மூன்றாம் வரிசை பிள்ளைகளுக்கு விளையாட்டு மண்டபமாயிற்று. திரும்புகையில் தாயார், "இந்த வண்டி யாருடையது, ஐயா?" என்றார்கள். வாடகைக்கு எடுத்ததென்றோம். "யாருடையதானால் என்ன, எல்லாரும் வந்தோமே!" என்றார்கள். ஏழு மாதமாக நாம் போட்ட கணக்கின் தொகையை அவர்கள் ஒரு வரியில் எழுதிவிட்டார்கள்.

 நம் குடும்பங்கள் கடனின்றியும் பிரிவின்றியும் க்ஷேமமாய் வாழ்க!