ஒரே வடத்தில் செய்தியும் மின்சாரமும்

கல்முனைக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த மருதமுனை, கைத்தறி நெசவுக்குப் பேர்பெற்ற ஊர். நெசவாளர் பாவு ஓட்டுமுன் நூலைக் கணக்கிடுவர். தறிகள் எத்தனை என்று அறிந்தால் மட்டும் போதாது. அத்தனை தறிக்கும் நூல் காணுமா என்பதே கேள்வி. கட்டடங்களில் கணினி வலையமைப்பு அமைப்போரும் இக்கணக்கையே கைக்கொள்ள வேண்டும்.

பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம், தொலைபேசி நிலையத்துப் பற்றரியிலிருந்து ஏறத்தாழ 48 வோல்ற்று அழுத்தத்தில் அதே கம்பி வழியாக வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தபோதும் தொலைபேசி பேசியதன் இரகசியம் இதுவே. இம்முறை 2003ஆம் ஆண்டில் ஈதர்நெற் வடத்திற்கும் தரமாக வகுக்கப்பட்டது. வலையமைப்புச் சுவிச், முதலில் மிகக் குறைந்த அழுத்தத்தைச் செலுத்தி, மறுமுனையிலுள்ள கருவி மின்சாரம் ஏற்கவல்லதா எனச் சோதிக்கும். தக்கதெனக் கண்ட பின்னரே மின்சாரம் வழங்கும்.

அத்தரத்தின்படி ஓர் இணைப்பு வாய் 15.4 வாற்று வரை தரும். 100 மீற்றர் வடத்தில் ஒரு பகுதி வெப்பமாய்க் கழிவதால், கருவிக்கு உறுதியாய்க் கிட்டுவது 12.95 வாற்று. 2009இல் வாய்க்கு 30 வாற்றும், 2018இல் 90 வாற்றும் என வரம்பு உயர்ந்தது.

ஒரு பாடசாலைக்கு எட்டுக் கமெராக்களும், நான்கு கம்பியில்லா இணைப்புக் கருவிகளும், பத்துத் தொலைபேசிகளும் வேண்டும் என்று கொள்க. இருபத்திரண்டு கருவிகள், ஆதலால் இருபத்துநான்கு வாய்ச் சுவிச் போதுமென்று தோன்றும். ஆனால் கமெராவுக்கு 15.4, கம்பியில்லாக் கருவிக்கு 30, தொலைபேசிக்கு 7 வாற்று வீதம் ஒதுக்கினால் மொத்தம் 313.2 வாற்று ஆகிறது. சுவிச் வழங்கவல்ல மொத்த மின்வலு 190 வாற்று மட்டுமாயின் நிலை யாது? பகலில் குறை வெளிப்படாமலும் போகலாம். இரவில் கமெராக்களின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும், சுவிச் சில வாய்களுக்கு மின்சாரத்தை மறுத்துவிடும். காவல் வேண்டிய வேளையிலேயே கமெரா கண்மூடும். மொத்தம் 370 வாற்றுத் தரும் சுவிச்சாயின் 56.8 வாற்று மிச்சமிருக்கும்.

எந்தக் கருவி இறுதிவரை இயங்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்து, சுவிச்சில் முன்னுரிமை குறித்துவைத்தல் நன்று. வடம் முழுச் செம்பாயிருத்தல் வேண்டும். செம்புப் பூச்சிட்ட அலுமினியம் மின்தடை மிகுந்தது, சூடேறுவது. கடற்காற்றின் உப்பு இணைப்பு முனைகளை அரிக்கும். ஆகையால் வெளிப்புற முனைகளை நீர்புகா உறைகளில் அடைத்தல் அவசியம்.

இம்முறையின் பெரும்பயன், ஒரே இடத்தில் பற்றரி வைத்தால் எல்லாக் கருவிகளும் இயங்கும் என்பதே. மேற்கூறிய 313.2 வாற்றை இரண்டு மணி நேரம் தாங்க 626.4 வாற்றுமணி வேண்டும். சுவிச்சின் சொந்தச் செலவும் ஏனைய இழப்புகளும் அதற்கு மேலானவை. பற்றரியை நிலமட்டத்தில் வையாது மேல்மாடியில் வைப்பது கடலோர ஊருக்குத் தக்கது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் பல உயிர்களைப் பறிகொடுத்த ஊர் மருதமுனை. அத்தகைய ஊரில், மின்சாரம் நின்ற பின்னும் ஒலிக்கவேண்டிய தொலைபேசி ஒன்று உண்டு. அது ஒலிப்பதும் ஒலியாதிருப்பதும், சுவிச் வாங்குமுன் காகிதத்தில் போடும் ஒரு கூட்டற் கணக்கைப் பொறுத்தது.