மலையேறிய மூட்டை வண்டிகள்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கோலசிலாங்கூரில் மலை எங்கே என்று கேட்டால் புக்கிட் மெலாவத்தியைத்தான் காட்டுவோம். ஆனால் சரக்கு வண்டி நமக்குப் புதிதல்ல. செம்பனை மில்லில் குலை நிரப்பிய இரும்புக் கூண்டுகள் தண்டவாளத்தில் உருண்டு, ஆவியில் வேகப் போவதைப் பார்த்தவர்கள் இங்கே பலர். அது சமதரை. அதே மாதிரி வண்டியில் அரிசி மூட்டையை ஏற்றி மலை உச்சிக்கு அனுப்பணும் என்றால்?

தமிழ்நாட்டில், நீலகிரியில் அதைச் செய்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ரயில் ஓடியது. 1908-இல் உதகை வரை நீண்டது. மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு 1 அடி ஏற்றம்! வெறும் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இரண்டைப் பதித்தார்கள். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம். இஞ்சினின் பற்சக்கரம் ஒரு பல்லை விடும்போது இன்னொன்றைக் கவ்வியிருக்கும்.

இஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. கொக்கி அறுந்தாலும் வண்டிகள் பள்ளத்தில் ஓடாமல் அது கீழே நின்று தாங்கிக்கொள்ளும். இறங்கும்போதும் இஞ்சின் கீழ்ப்பக்கந்தான். ஆனால் ஏறும்போது டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாதே! அதனால் பெட்டிதோறும் ஒரு பிரேக்காரர். முன்பெட்டிக்காரர் கொடி காட்டுவார். விசில் கேட்டதும் மற்றவர்கள் கையால் பிரேக்கைத் திருகுவார்கள். சரக்குப் பெட்டிக்கும் பிரேக் உண்டு. அரிசி மேலே போச்சு, தேயிலையும் உருளைக்கிழங்கும் கீழே வந்துச்சு. மழையோ பனிமூட்டமோ, அந்த ஆள் வெளியே நின்றுதான் ஆகணும்.

லாரி வந்தபிறகு மூட்டைகள் சாலைக்குப் போய்விட்டன. 2005-இல் யுனெஸ்கோ இந்த ரயிலை உலக மரபுச் சின்னமாக்கியது. படங்களில் புகைவிடும் இஞ்சினும் பயணிகள் பெட்டியும்தான். மூட்டை வண்டியை யார் படம் பிடித்து மாட்டுகிறார்கள்? எனக்கு அதில் வருத்தந்தான்.

நம் பக்கமும் அப்படித்தானே? முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த பெஸ்தாரி ஜெயா அருகே, தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் செம்பனை நட்டது புத்தகத்தில் இருக்கிறது. குலை சுமந்தவர் பெயர் இல்லை.

பிள்ளைகளே, வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இன்றிரவே கேளுங்கள்: குலையை மில்லுக்கு எதில் ஏற்றினீங்க? வண்டியை யார் தள்ளினாங்க? எழுதி, திங்கட்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.