பிழை திருத்தும் எண்களும் பிழைபடா வேதமும்



வேதமானது ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் வந்திருக்கிறது, ஆகவே அது தெய்வ வாக்கு என்று பண்டிதர்கள் சொல்லி வருகிறார்கள். இதற்குப் பதில் உங்கள் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியிலேயே இருக்கிறது.

கைப்பேசியில் வரும் எழுத்து, படம், குரல் எல்லாம் 0, 1 என்னும் இரண்டே எண்களாக வருகின்றன. வழியில் இரைச்சலால் 0 என்பது 1 ஆகவும், 1 என்பது 0 ஆகவும் மாறிவிடுவதுண்டு. அப்படியிருந்தும் செய்தி சரியாக வந்து சேருவது எப்படி?

1947-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ரிச்சர்டு ஹாமிங் என்ற கணித அறிஞர் இருந்தார். சனி, ஞாயிறில் ஆளில்லாமல் ஓடும் கணக்கு யந்திரத்தில் தம் வேலையைப் போட்டுவிட்டுப் போவார். யந்திரமோ தப்பைக் கண்டால் அந்த வேலையைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். தொடர்ந்து இரண்டு வாரம் இப்படியே ஆயிற்று. அவர் சனி பிடித்துவிட்டதென்று எள்விளக்கு ஏற்றப் போகவில்லை. தப்பு இருக்கிறதென்று அறியும் யந்திரம் அது எந்த இடத்திலென்று ஏன் அறியக்கூடாது என்று யோசித்தார். 1950-ல் வழியை வெளியிட்டார்.

4 எண்களோடு 3 காவல் எண்களைச் சேர்த்து 7 ஆக அனுப்ப வேண்டியது. ஒவ்வொரு காவலனும் நாலில் மூன்றைப் பார்க்கிறான். ஆளுக்கு வேறு வேறு ஒன்றை விட்டுவிடுகிறான். தான் பார்க்கும் மூன்றையும் தன்னையும் சேர்த்தால் அதில் 1-கள் இரட்டைப்படையாக இருக்கும்படி அவன் 0 ஆகவோ 1 ஆகவோ நிற்கிறான். சேர்ந்த இடத்தில் எண்ணும்போது ஒற்றைப்படை வந்தால் அவன் கூச்சலிடுகிறான் என்று அர்த்தம். மூவரும் கூச்சலிட்டால், மூவரும் பார்க்கிற எண்ணில் தப்பு. இருவர் என்றால், மூன்றாமவன் பாராமல் விட்ட எண்ணில் தப்பு. ஒருவன் மட்டும் என்றால், காவலனே கெட்டான்! (கோயில் தர்மகர்த்தாக்களுக்கும் இப்படியொரு கணக்கு வைக்கலாம்.) இடம் தெரிந்த பின் 0-வை 1 ஆக்குவது ஒரு பிரமாதமா?

இரண்டு எண்கள் கெட்டால் இம்முறை ஏமாந்துவிடும். 1960-ல் ரீட், சாலமன் என்ற இருவர் இதைவிடப் பலமான முறை கண்டார்கள். கடையில் பணம் கட்ட ஒட்டியிருக்கும் க்யூஆர் சீட்டு நடுவில் கொஞ்சம் கறைபட்டாலும் வேலை செய்வது அதனால்தான்.

இனி வேதத்துக்கு வருவோம். கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஓதுகிறார்களே, அதுவும் காவல்தான். சாமர்த்தியமான மனித வேலை என்று ஒப்புக்கொள்ள நமக்கு ஆட்சேபணையில்லை. தெய்வ வாக்கு தன்னைத் தானே காத்துக்கொள்ளாதா? தப்பு வரும் என்று ஓதினவனுக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் இத்தனை பூட்டு. ஹாமிங் கணக்கை எந்தச் சேரிப் பிள்ளையும் படிக்கலாம். வேதத்தைக் காது கொடுத்துக் கேட்ட சூத்திரனுக்கோ ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொல்லுகிறது கௌதம தர்ம சூத்திரம்.

மேலும், காவல் எண் அனுப்பினதை அப்படியே சேர்க்குமே தவிர, அனுப்பினது மெய்யா பொய்யா என்று பார்க்காது. 1995 செப்டம்பரில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தியும் ஊர் ஊராக எழுத்துப் பிசகாமல்தான் போய்ச் சேர்ந்தது.