பழைய காரும் எரிபொருட் சிக்கனமும்

(எமது மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பழைய மோட்டார் காரைப் பற்றி இளைஞர் மன்றத்திலே பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். 1990 முதல் 2002 வரை பொருளாதாரத் தடையின் கீழ் வன்னி மக்கள் பட்ட பாட்டை நினைத்தால் அந்த ஐயம் நீங்கும். பெற்றோல் கிடைத்தற்கரிய பண்டமாயிருந்த அக்காலத்தில், மோரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் முதலிய பழைய கார்களை நம் மூத்தோர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் காபரேற்றரிலே சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். துளியின் அருமையை அவர்கள் அறிந்திருந்தனர்.

2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருள் அருகியபோது நாமும் அதை அறிந்தோம். அவ்வாண்டு யூலையில் காருக்கு வாரம் 20 லீற்றரே பங்கீடு. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் கார் அதிலே 200 கிலோமீற்றர் ஓடும். 12 ஓடுமாயின் 240. மிஞ்சும் அந்த 40 கிலோமீற்றர், நள்ளிரவில் ஒரு தாயை இங்கிருந்து முல்லைத்தீவு வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று திரும்பப் போதுமன்றோ?

அதனை மிச்சம் பிடிப்பது எங்ஙனம்?

முதலாவது, கியர். ஒரே வேகத்தில், மூன்றாம் கியரிலும் பார்க்க நாலாம் கியரில் எஞ்சின் குறைவாகவே சுற்றும். உராய்வில் வீணாகும் சக்தியும் குறையும். ஆகவே காலந்தாழ்த்தாது மேல் கியருக்கு மாறுதல் நன்று. எஞ்சின் திணறி அதிர்ந்தால் உடனே கீழ்க் கியருக்கு இறங்க வேண்டும்.

இரண்டாவது, சாரதியின் கால். வீதியில் மாடு நிற்பது தூரத்தே தெரியும்போதே அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால், பிரேக்கிலே வீணாகும் எண்ணெய் மிஞ்சும். ஆனால் நியூற்றலில் உருளவிடுதல் ஆபத்து. மணிக்கு 60 கிலோமீற்றரிலிருந்து 80 ஆக வேகத்தைக் கூட்டினால், காற்றின் எதிர்ப்பு முக்கால் பங்குக்கு மேல் அதிகரிக்கும். வைகாசிப் பொங்கல் நாளில் வாகனங்கள் நிரையாய்க் காத்து நிற்கையில் எஞ்சினை நிறுத்தி வைப்பதும் சிக்கனமே.

மூன்றாவது, பராமரிப்பு. எஞ்சின் சூடேறியதும் சோக்கை உள்ளே தள்ளிவிட வேண்டும். ரயரில் காற்றுக் குறைந்தால் கார் இழுபடும். கோடைப் புழுதி அடைத்த காற்று வடிகட்டி எண்ணெயைக் கூடுதலாகக் குடிக்க வைக்கும். மோரிஸ் மைனரின் பொயின்ற் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர், அது மாறினால் தீப்பொறி நேரந் தவறும்.

இவற்றின் பயனைக் கணக்கிட்டே அறியலாம். தாங்கியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மீண்டும் நிரப்பும்போது பிடித்த லீற்றரால் வகுத்துப் பாருங்கள்.

தோழர்களே! அக்காலத்துச் சாரதிகளும் கராஜ்காரரும் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் கைப்பழக்கம் எந்த ஏட்டிலும் முழுமையாக எழுதப்படவில்லை. தட்டுப்பாடு வந்தபின் தவிப்பதிலும், வருமுன் அவர்களிடம் கேட்டுக் கற்பது நம் கடன்.